சைக்கிள் சங்கத்தில் சுற்றுப்பயணப் பிரிவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சைக்கிள் சங்கத்தார் ஞாயிறுதோறும் விடியற்காலையில் ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வரை போய்த் திரும்புகிறோம். சிலர் 200 கிலோமீட்டர் பிரெவேயும் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடித்திருக்கிறார்கள். இப்போது பையும் சுமையுமாக இரண்டு மூன்று நாள் போய்வரும் சுற்றுப்பயணங்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். வழக்கமான தடங்களையே இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதாதா என்பது மீதிப் பேரின் வாதம். எதிலிருந்து தொடங்குவது? முதல் பயணம் எங்கே போகலாம்?
- சங்கச் செயலாளர், ராமநாதபுரம்

பதில்: தனிப் பிரிவு வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் நானும். பிரெவேயில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். முடித்த பிறகு மூன்று நாள் கால் நீட்டிப் படுத்தாலும் கேட்பார் இல்லை. சுற்றுப்பயணம் போகிறவரோ 55 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுநாள் காலையில் அதே சுமையோடு மீண்டும் ஏறி உட்கார வேண்டும். ஆகவே தூரத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். இரவு எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இது புதிய யோசனை அல்ல. 1878-இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் தொடங்கிய சைக்கிள் சுற்றுப்பயணச் சங்கம், தன் உறுப்பினர்கள் நம்பித் தங்கக்கூடிய விடுதிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் சுவரில் சிறகு முளைத்த சக்கரச் சின்னத்தைப் பதிக்கச் செய்தது. உங்கள் பிரிவின் முதல் வேலையும் அதுவாகவே இருக்கட்டும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, எந்த விடுதியில் சைக்கிளை அறைக்குள் வைத்துக்கொள்ள விடுவார்கள், எந்த ஊரில் கழிப்பறை இருக்கிறது, எந்தக் கடையில் பஞ்சர் ஒட்டுவார்கள், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பதையெல்லாம் நேரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் கடலோரத்தில் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்து சேரும் உறுப்பினருக்குத் தெரியாது. கீழக்கரையைத் தாண்டி மேற்கே போனால் சாலையோரத்தில் பனையும் சீமைக்கருவேலமும்தான். பனை நிழலில் ஒருவர் நிற்கலாம், பத்துப் பேர் இளைப்பாற முடியாது. நிழல் இருக்கும் இடங்களும் அந்த நோட்டில் ஏற வேண்டும்.

முதல் பயணத்துக்கு இராமேசுவரத்தைச் சொல்வேன். ஏறத்தாழ 55 கிலோமீட்டர்; உச்சிப்புளி, மண்டபம் என்று இடையில் நிற்க ஊர்கள் உண்டு; சென்று சேரும் இடத்தில் தங்கும் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த மாதம் என்பதில் கவனம் வேண்டும். ஜனவரி பிற்பாதியிலும் பிப்ரவரியிலும் மழை ஓய்ந்து வெயில் ஏறாமல் இருக்கும். காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது அது எதிர்க்காற்று என்றாலும் உடம்பில் தெம்பு இருக்கும் முதல் நாளோடு அது தீர்ந்துவிடும், திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். ஜூன், ஜூலையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்: போகும்போது சுகம், களைத்துத் திரும்பும்போது முகத்தில் அறையும் காற்று. புதியவர்கள் பிரிவை விட்டு விலகுவதற்கு அப்படி ஒரு திரும்பும் நாள் போதும். ஜனவரி, பிப்ரவரியிலும் தை அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது இராமேசுவரத்தில் அறையும் கிடைக்காது, சாலையில் இடமும் கிடைக்காது.

பாம்பன் சாலைப் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1988-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும். பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகள் அங்கே பாய்மரம்போல் காற்றை வாங்கும். ஒரு பேருந்து கடக்கும்போது காற்று நொடிப்பொழுது மறைந்து, அது போனதும் மறுபடி அடிக்கும். சுமையோடு சைக்கிள் ஓட்டிப் பழகாதவரின் கைப்பிடி அந்த நொடியில்தான் ஆடும். அதோடு, ரயில் பாலத்தையும் கடலையும் பார்க்க வண்டிகளை நிறுத்திக் கதவைத் திறப்பவர்கள் வேறு. வரிசையாக, இடைவெளி விட்டு, காலை எட்டு மணிக்குள் பாலத்தைக் கடந்துவிடுங்கள். படம் எடுப்பதைக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் பைகளை விடுதியில் வைத்துவிட்டுத் தனுஷ்கோடிக்குப் போகலாம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கே தங்குவதற்கென்று எதுவும் இல்லை; அரிச்சல்முனை வரை போகும் சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது; மாலையில் உள்ளே விடமாட்டார்கள். கடற்கரையில் கூடாரம் அடிக்கும் ஆசை இளைஞர்கள் யாருக்காவது இருந்தால் இப்போதே சொல்லி நிறுத்துங்கள். இது காவல் மிகுந்த எல்லைக் கடல். காற்று அள்ளிக் கொண்டுவரும் மணல் சாலையோரத்தில் படிந்திருக்கும், அதில் பிரேக்கை அழுத்தினால் சறுக்கும். திரும்பியதும் சங்கிலியை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரே இரவில் துருவைக் காட்டிவிடும்.

மூன்றாம் நாள் முடியாதவர்கள் ரயிலில் வரட்டும், அதில் வெட்கம் எதுவும் இல்லை. புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டதிலிருந்து வண்டிகள் மறுபடி இராமேசுவரம் வரை வருகின்றன. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்; ராமநாதபுரத்தில் இறக்கிக்கொள்ள முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பிரிவுக்குத் தலைவராக, சங்கத்திலேயே வேகமானவரைப் போடாதீர்கள். (அவர் கோபித்துக்கொண்டால் கருவிப் பையைக் கொடுத்துக் கடைசி ஆளாக வரச் சொல்லுங்கள், அது பெரிய பொறுப்பு.) மெதுவாக ஓட்டுபவரின் வேகம்தான் குழுவின் வேகம். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் முழுச் சுமையோடு தேவிபட்டினம் போய் வாருங்கள். பத்துக் கிலோவுக்கு மேல் ஏற்றியவர்கள் திரும்பி வந்ததும் தாமாகவே பாதியை எடுத்து வெளியே வைப்பார்கள்.

கேள்வி: என் வயது 46. என்னிடம் இருப்பது கியர் இல்லாத சாதாரண சைக்கிள். இதை வைத்துக்கொண்டு இத்தகைய பயணங்களில் சேரலாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: தாராளமாகச் சேரலாம் அம்மா. நம் மாவட்டக் கடற்கரை தட்டையான நிலம். பாம்பன் பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை, அங்கேயும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். உங்கள் சைக்கிளில் கேரியர், மட்கார்டு, தடித்த டயர் மூன்றும் இருக்கும். பந்தய சைக்கிள் வைத்திருப்பவர்கள் இவற்றுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றி, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும் அளவுக்கு இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் இருக்கையை மிகத் தாழ்வாக வைத்து ஓட்டித்தான் முட்டி வலியைச் சம்பாதிக்கிறோம். கழிப்பறை வசதியுள்ள நிறுத்தங்கள் எவை என்று புறப்படும் முன்பே அமைப்பாளரிடம் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் அந்தப் பயணம் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

கேள்வி: சீமைக்கருவேல முள் குத்திப் பஞ்சர் ஒட்டினால், ஐந்து கிலோமீட்டருக்குள் மறுபடி காற்று இறங்கிவிடுகிறது. ஏன்?
- வாசகர், உச்சிப்புளி

பதில்: முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சக்கரம் சுழலும்போது மட்டும் உள்ளே நீட்டிப் புது ட்யூபைக் குத்தும். ட்யூபைக் கழற்றுவதற்கு முன் வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அப்போதுதான் ட்யூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து டயரில் முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். பிறகு ஒரு பஞ்சுத் துண்டை டயரின் உட்புறம் ஒரு சுற்று மெதுவாக இழுங்கள். பஞ்சு மாட்டும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவாதீர்கள், ரத்தம் வரும். உள்ளிருந்து வெளியே தள்ளி, சிறு இடுக்கியால் பிடுங்கிவிட்டு அதன் பிறகு ஒட்டுங்கள். சாலையோரம் நின்று ஒட்டுவதைவிட மாற்று ட்யூபைப் போட்டுக்கொண்டு, ஓட்டையானதை இரவு விடுதியில் ஒட்டுவது எளிது. ஆளுக்கு இரண்டு மாற்று ட்யூப் வைத்துக்கொள்ளுங்கள்.