மரச்சட்ட வீடு கட்ட எந்த ஏர் கம்ப்ரசர், எந்த நெயில் கன் வாங்கலாம்?

முதலில் நெயில் கன்னை (காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவி) முடிவு செய்யுங்கள், அதற்குக் காற்று தரும் கம்ப்ரசர் அப்புறம். சுவர், கூரைச் சட்டங்களுக்கு ஃப்ரேமிங் நெயிலர் வேண்டும். 2 முதல் 3½ அங்குல ஆணி வரை அடிக்கும். கதவு நிலை, ஓரப்பட்டை வேலைக்கு 16 கேஜ் ஃபினிஷ் நெயிலர் (கேஜ் என்பது ஆணியின் தடிமன்; எண் கூடினால் ஆணி மெல்லியது). இன்னும் மெல்லிய ஆணி அடிக்கும் 18 கேஜ் பிராட் நெயிலரைத் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஃப்ரேமிங் நெயிலரில் ஆணிப் பட்டையின் (ஆணிகளை வரிசையாகக் கோத்தது) சாய்வைக் கட்டாயம் பாருங்கள். 21 டிகிரி கன்னில் 30 டிகிரி பட்டை பொருந்தாது. 21 டிகிரி ஆணிகளுக்கு முழு வட்டத் தலை இருக்கும். சில இடங்களில் கட்டட விதிகளே அதைத்தான் கேட்கும், எனவே விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கம்ப்ரசரில் ஹெச்.பி. (குதிரைத்திறன்) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 90 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தருகிறது என்பதுதான் கணக்கு. ஒருவர் மட்டும் ஆணி அடித்தால் சுமார் 3 கன அடி போதும். இருவர் சேர்ந்து அடித்தால் சுமார் 5 கன அடி தருவதைப் பாருங்கள். டேங்க் பெரிதாக இருந்தால் மோட்டார் அடிக்கடி ஓடாது, அவ்வளவுதான். காற்று உற்பத்தி அதிகரிக்காது. தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய வேலை என்பதால் 4 முதல் 6 கேலன் டேங்க் சரியாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்: சீக்வென்ஷியல் டிரிகர் உள்ளதையே வாங்குங்கள். முனையை மரத்தில் அழுத்திய பிறகு டிரிகரை இழுத்தால்தான் அதில் ஆணி பாயும். டிரிகரைப் பிடித்தபடியே முனையைத் தட்டினால் பாயும் வகையில் கை தவறிக் காலில் ஆணி ஏறும் ஆபத்து அதிகம். பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.