இலக்கத்தை அனுப்புங்கள், படம் பிறகு

இம்முறையும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் இலக்கமோ செசி இலக்கமோ இல்லை. அவை இல்லாமல் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள்.

தாத்தா தோட்டத்துத் துரைக்குச் சாரதியாக இருந்தார். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த மோட்டார் சைக்கிள் கொட்டகையில் கிடக்கிறது. பெற்றோல் தாங்கியின் படம் அனுப்பியுள்ளேன். பி.எஸ்.ஏ. கம்பனியின் வண்டிதானே? என்ன விலை போகும்? (தலவாக்கலை)

தாங்கியை வைத்து எந்த வண்டியையும் அடையாளம் காண முடியாது. தோட்டத்தில் ஐம்பது அறுபது வருடம் உழைத்த வண்டிக்குத் தாங்கி ஓரிடத்திலிருந்தும் சில்லு வேறிடத்திலிருந்தும் வந்திருக்கும். எஞ்சினைப் பாருங்கள். சிலிண்டர் தலை தட்டையாக, மேலே ராக்கர் பெட்டி (வால்வுகளை அசைக்கும் பாகங்களின் மூடி) இல்லாமல் இருந்தால் அது பக்கவால்வு எஞ்சின். 500 சிசி பி.எஸ்.ஏ. எம் 20 ஆக இருக்கலாம். நோர்ட்டன் 16 எச் ஆகவும் இருக்கலாம். இரண்டுமே இரண்டாம் உலகப் போரில் படைக்காகப் பெருந்தொகையில் செய்யப்பட்டவை. எம் 20 மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேல். செசி இலக்கம் 'டபிள்யூ.எம். 20' என்று தொடங்கினால் படைக்குச் செய்த பி.எஸ்.ஏ. என்று கொள்ளலாம்.

எஞ்சின் இலக்கம் சிலிண்டர் அடிக்குக் கீழே எஞ்சின் உறையில் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடையுங்கள். அழுக்கு இளகியதும் பழைய பல் தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள். டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதி எடுத்து அனுப்புங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். விலையைப் பிறகு பேசலாம்.

1949ஆம் ஆண்டு வண்டி. ஒருவர் மெச்லெஸ் என்கிறார், இன்னொருவர் ஏ.ஜே.எஸ். என்கிறார். (பண்டாரவளை)

இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. மெக்னீட்டோ (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கருவி) சிலிண்டருக்கு முன்னால் இருந்தால் ஏ.ஜே.எஸ்., பின்னால் இருந்தால் மெச்லெஸ். 1952 முதல் வந்த வண்டிக்கு இந்த அடையாளம் உதவாது.

கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி நுவரெலியாவுக்குக் கொண்டுவந்ததிலிருந்து கரும்புகை கக்குகிறது, ஸ்பார்க் ப்ளக் கரியாகிறது. (நுவரெலியா)

உங்கள் ஊர் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் மட்டும் பழைய அளவிலேயே போகிறது. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் அமால் காபரேட்டரின் ஊசியை ஒரு படி இறக்குங்கள். போதாவிட்டால் பிரதான ஜெட்டை (பெற்றோல் வரும் துளையை) ஓர் அளவு சிறிதாக்குங்கள். மறுபடி கொழும்புக்கு இறங்கும்போது பழையபடி மாற்ற வேண்டும். மறந்தால் பிஸ்டன் உருகும்.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது பி.எஸ்.ஏ. பேண்டம் திடீரென இறுகிப் பின்சில்லு பூட்டிக்கொண்டது. எண்ணெய் கண்ணளவாகச் சரியாகத்தான் கலந்தோம். (புசல்லாவை)

கண்ணளவு என்று ஓர் அளவு கிடையாது. ஆரம்பகாலப் பேண்டத்துக்கு 20க்கு 1. அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 250 மில்லிலீற்றர் எண்ணெய். அளவுக் குவளை வாங்குங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் அந்த இறக்கத்தில் ஆபத்து உண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் பெற்றோலோடுதான் வருகிறது. கியரில் விட்டு, த்ரொட்டிலை முழுக்க மூடி இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், எண்ணெய் வராது. சிறிது தூரத்துக்கு ஒருமுறை த்ரொட்டிலைக் கொஞ்சம் திறந்து ஊட்டுங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அந்தச் சின்ன ட்ரம் சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவுகளில் நிறுத்தி ஆறவிடுங்கள். சிலிண்டரை உடனே உட்புறம் கடைந்து அகலமாக்கக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம்தான் சுவரில் அப்பியிருக்கும்.

ஏரியல் ரெட் ஹண்டர் 350. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் ஏறும்போது நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் திரும்ப ஓடுகிறது. மூன்று ப்ளக் மாற்றினோம். (ஹட்டன்)

நின்றவுடன் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. செலவு ஒரு ஊசி. இல்லையென்றால் சூடாக இருக்கும்போதே ப்ளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். அது சோர்ந்து, பொயின்ட்டில் (மெக்னீட்டோவில் திறந்து மூடும் தொடுமுனையில்) நீலப் பொறி பறந்தால் மெக்னீட்டோவுக்குள் இருக்கும் கண்டென்சர் என்ற மின்பாகம் போய்விட்டது. இனி எத்தனை ப்ளக் மாற்றினாலும் பயனில்லை. ஆமெச்சரை (மெக்னீட்டோவில் சுழலும் கம்பிச்சுருளை) புதிதாகச் சுற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வந்ததும் பொயின்ட் இடைவெளியை 0.3 மில்லிமீற்றரில் வையுங்கள்.

பி.எஸ்.ஏ. பி 31 வாங்கினேன். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வேறு வேறு. கராஜில் செசி இலக்கத்தைக் கிரைண்டரால் அழித்து, எஞ்சின் இலக்கத்தையே அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். பவுடர் கோட்டிங்கும் (தூளைப் பூசிச் சூட்டில் உருக்கும் பெயின்ட்) சேர்த்து. செய்யலாமா? (கண்டி)

செய்யக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த நேரத்தில் வேலை தொடங்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

உங்கள் வண்டியில் குறை எதுவும் இல்லை. பி 31 செய்யப்பட்ட காலத்தில் பி.எஸ்.ஏ. எஞ்சினுக்கு ஓர் இலக்கமும் செசிக்கு வேறோர் இலக்கமும் அடித்தது. 1950களின் ட்ரையம்ப் வண்டியில் இரண்டும் ஒன்றாக இருக்கும். யாரோ ட்ரையம்ப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஹீத்திலிருந்து சரியாக வந்த வண்டியைப் போலியாக்கப் போகிறார்கள். சட்டப்படியும் அது குற்றம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் செசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடும் நாளில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், கராஜ்காரர் அல்ல.

மலைநாட்டில் இதே அழிவை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன் பதிவான, ஆங்கில எழுத்து இலக்கத் தகட்டோடு இருந்த வண்டிகள். தோட்டம் தோட்டமாக ஓடியவை. மண் ஊதிச் சுத்தம் செய்கிறோம் என்று இலக்கத்தை மழுக்கினார்கள். மேலே தடித்த பெயின்ட் அப்பினார்கள். அழகாகத்தான் இருந்தன. ஆனால் எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பி.எஸ்.ஏ.யின் அனுப்புகைப் பேரேடுகள் பிரித்தானியாவின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் நூலகத்தில் இருக்கின்றன. அசல் இலக்கம் இருந்தால் வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளையும் அது யாருக்கு அனுப்பப்பட்டது என்பதையும் அங்கே தேடலாம். அழித்துவிட்டுத் தேட வழியில்லை.

பெயின்ட் அடிக்க வேண்டுமானால் முதலில் இலக்கத்தைப் படம் பிடித்து, பென்சில் பிரதியும் எடுத்து, அந்த இடத்தை நாடாவால் மூடுங்கள். பவுடர் கோட்டிங் தடிமனாக விழுந்து எழுத்தை நிரப்பிவிடும். செசிக்கு அது வேண்டவே வேண்டாம். உப்புத்தாளும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம்.

இரண்டு வருடம் நிறுத்திவைத்த வண்டி. ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை மூடுகிறது. ரிங் மாற்ற வேண்டுமா? (அப்புத்தளை)

அவசரம் வேண்டாம். நின்ற காலத்தில் எண்ணெய்த் தாங்கியிலிருந்த எண்ணெய் எஞ்சின் அடிக்கு இறங்கியிருக்கும். எஞ்சினின் கீழேயுள்ள எண்ணெய் வடிக்கும் அடைப்பைத் திறந்து வடித்து, தாங்கிக்குப் புது எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் புகைந்தால் எழுதுங்கள்.

எந்த ஸ்பேனரும் நட்டில் சரியாக உட்காரவில்லை. 14 பெரிது, 13 சிறிது. (பதுளை)

மில்லிமீற்றர் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். விட்வேர்த் (பழைய பிரித்தானிய அங்குல அளவு) ஸ்பேனர் தொகுதி ஒன்று தேடி வாங்குங்கள். பழைய தேயிலைத் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்புகளில் விசாரித்தால் கிடைக்கலாம். ஏற்கனவே எத்தனை நட்டின் மூலைகளை உருட்டிவிட்டீர்கள் என்பதையும், வண்டியின் இலக்கங்களையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.