விஞ்ஞானமும் ஒரு சாமிதானா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கடவுள் நம்பிக்கை இல்லை. திருவிழாச் சந்தா கேட்டு வந்த மாமாவிடம் அதைச் சொல்லப்போய்ச் சண்டையாகிவிட்டது. "நீ அணுவைப் பார்த்தியா? புத்தகத்துல இருக்குன்னு நம்புற. நான் மாடசாமிய நம்புறேன். ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மாமா சொல்வது சரியா?

பதில்: தம்பி, மாமா பாதி சரி. அணுவை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, புத்தகத்தை நம்பித்தான் ஓஎல் பரீட்சை எழுதினோம். ஆனால் அந்தப் புத்தகக்காரரிடம் "எதைச் செய்து பார்த்து இதை எழுதினீர்கள், தப்பென்று தெரிந்தால் திருத்துவீர்களா" என்று கேட்கலாம். மாடசாமியிடம் கேட்டால் சாமி குத்தம். மழை பெய்தால் சாமி கொடுத்தது, பெய்யாவிட்டால் சாமிக்குக் கோபம். எது நடந்தாலும் சாமி தோற்காது.

நம் மலையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிய ஆரம்பித்தது. ஒரு பங்கசுதான் (பூஞ்சைதான்) அது என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார்கள், ஆனாலும் மண் களைத்துவிட்டது, காலநிலை சரியில்லை என்று ஆளுக்கொரு பேச்சு ஓயவில்லை. 1880இல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் வந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பித் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்துக்களைப் பிடித்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஈரமான இலையில் அவை முளைத்து உள்ளே போவதையும் காட்டினார். கோப்பியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை, அது வேறு விஷயம் (அந்த நிலத்தில்தான் இன்று நம்மவர்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள்). அவர் சொன்னதை நம்பாத தோட்டத் துரை யாராக இருந்தாலும் ஒரு கண்ணாடித் துண்டை வாங்கி வைத்துத் தானே பார்த்திருக்கலாம்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன், கோபிக்காதீர்கள். சாமி இல்லை என்று சொல்லிவிட்டதாலேயே விஞ்ஞான சிந்தனை வந்துவிடாது. ஸ்டாலின் கால சோவியத் ஆட்சி நாத்திக ஆட்சிதான், அங்கேதான் லைசென்கோ என்பவர் மரபியலே பொய் என்று சாதித்தார், அதை எதிர்த்த தாவரவியலாளர் வவிலோவ் 1943இல் சிறையில் செத்தார். அவர்கள் தூக்கியெறிந்த மரபியலுக்கு அடி போட்ட மெண்டலோ ஒரு கத்தோலிக்கத் துறவி! ஆகவே நாத்திகமும் மதம்போல ஆகலாம், கேள்வி கேட்பவனை அடைத்துவைக்க ஆரம்பித்தால். அப்படி ஆகாத ஒருவரும் நம் நாட்டில் இருந்தார். கேரளத்தில் பிறந்து இங்கே தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்று வேலைக்கு இடமில்லாத முறையில் ஒரு அற்புதத்தைக் காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாகப் பகிரங்கமாகச் சவால் விட்டார். தான் எப்படித் தோற்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தார், பாருங்கள். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தக் காசை யாரும் வெல்லவில்லை.

உங்கள் மாமாவை மட்டமாக நினைக்காதீர்கள். தேயிலைப் பெக்டரியில் ரோதைக்கு (இயந்திரச் சக்கரத்துக்கு) உரிய சாமியான ரோதைமுனிக்குப் பூசை போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள், ஆனால் ரோதை நின்றுபோனால் பூசாரியையா கூப்பிடுகிறார்கள்? இயந்திரம் திருத்துகிற பிட்டரைத்தான். அவரும் பெல்ட்டைப் பார்ப்பார், பெயரிங்கைப் பார்ப்பார், ஒவ்வொன்றாகக் கழற்றி எது கோளாறு என்று கண்டுபிடிப்பார். அடுத்த முறை மாமாவிடம் அணுவை விட்டுவிட்டு இதைப் பேசுங்கள்.

சந்தாவைக் கொடுத்துவிடுங்கள், அதில் பாதி அன்னதானத்துக்கும் மேளத்துக்கும்தான் போகும். தேர் இழுக்கவும் போங்கள், லயத்துச் சனமெல்லாம் கூடுகிற நாள் அது. சண்டையைச் சேமித்து வையுங்கள். நாய் கடித்த பிள்ளைக்கு மந்திரித்துவிட்டு வீட்டில் படுக்கவைத்தால், அன்றைக்கு விடாதீர்கள். விசர்நாய் நோயின் அறிகுறி வெளிப்பட்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை, ஊசி அதற்கு முன்னாலேயே ஏற வேண்டும். காயத்தைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் பிடித்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மாமா வழி நெடுக மந்திரித்துக்கொண்டே கூட வரட்டும், ஆட்டோவில் இடம் இருக்கும்.