மல்லாட்டை நிலத்தில் ஒரு பள்ளிக்கூடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலை. எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் கட்டட வேலைக்கு இங்கேதான் வருகின்றன. பிள்ளைகள் ஊரில் பாட்டிகளிடம் இருக்கிறார்கள். அவர்களுக்காக என் அம்மாவின் பெயரில் ஓர் இலவச ஆங்கில வழித் தொடக்கப் பள்ளி தொடங்க விரும்புகிறேன். அம்மா கடைசிவரை கைநாட்டுதான். கையில் 40 லட்சம் இருக்கிறது. அண்ணன் மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டுவரும் 40 சென்ட் நிலத்தைத் தரச் சம்மதித்துவிட்டார். ஐந்து வகுப்பறைக்கு 28 லட்சம் ஆகும் என்கிறார் பொறியாளர். வரைபடம் இணைத்திருக்கிறேன். அறக்கட்டளையா சங்கமா, எது நல்லது? சி.பி.எஸ்.இ.யா மாநிலப் பாடத்திட்டமா? நிலம் போதுமா?

ச.,
பெங்களூரு

அன்புள்ள ச.,

வரைபடத்தைப் பார்த்தேன். ஐந்து வகுப்பறை, ஓர் அலுவலகம், முகப்பில் ஒரு வளைவு, வளைவில் அம்மாவின் பெயர். கைநாட்டு வைத்தே காலம் தள்ளிய அம்மாவுக்கு மகன் பள்ளிக்கூடம் கட்ட நினைப்பதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊரில் இப்போது நாலாவதும் அஞ்சாவதும் படிக்கிற பிள்ளைகளில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? கொஞ்ச நாளாக எனக்கு இதே யோசனைதான். ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கம்பி விலை, சிமென்ட் விலை விசாரிக்கிறார்கள். பிள்ளை வாசிக்கிறதா என்று விசாரிப்பவரைக் காணோம்.

உங்கள் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சங்கம் என்றால் ஏழு பேர் வேண்டும், வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும். உங்களுக்கு அறக்கட்டளை போதும். வரிவிலக்குப் பதிவுகளை எல்லாம் ஒரு நல்ல ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். சி.பி.எஸ்.இ.யை மறந்துவிடுங்கள். அவர்கள் பொதுவாகக் கேட்கும் நிலம் 8,000 சதுர மீட்டர், ஏறக்குறைய 2 ஏக்கர். உங்கள் 40 சென்ட் 1,600 சதுர மீட்டர் சொச்சம்தான். அங்கீகாரம் வாங்காமல் தொடங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை, அதற்கு மேலும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 வரை. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாவற்றுக்கும் அலைய வேண்டும். அலையத்தான் வேண்டும். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக்கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகிய பிறகு இந்தத் தாள்களை வெறும் தொல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

இப்போது கணக்கு. 40 லட்சத்தில் 28 லட்சம் கட்டடத்துக்குப் போனால் மீதி 12 லட்சம். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர். பயிற்சி முடித்து, தகுதித் தேர்வும் எழுதியவர் செங்கத்திலிருந்து பஸ் ஏறி வர மாதம் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும். ஆக மாதம் 75,000. பன்னிரண்டு லட்சம் சரியாகப் பதினாறு மாதம் வரும். கரண்டு பில், ஆயா, கழிவறை சுத்தம், பெஞ்சு, சுண்ணாம்பு எதையும் இதில் சேர்க்கவில்லை. பதினேழாவது மாதம் என்ன செய்வீர்கள்? சொல்கிறேன். முதலில் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போகும். நன்றாகப் பாடம் நடத்துகிற ஆசிரியைதான் முதலில் விலகுவார், ஏனென்றால் அவருக்குத்தான் வேறு இடம் கிடைக்கும். பிறகு ‘சிறு கட்டணம்’ என்று மாதம் 300 ரூபாய் கேட்பீர்கள். கொடுக்க முடிந்தவர்களின் பிள்ளைகள் தங்குவார்கள். நீங்கள் யாருக்காகக் கட்டினீர்களோ அவர்கள் படலைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். நன்கொடைப் பள்ளிகள் பல இப்படித்தான் சத்தமில்லாமல் கட்டணப் பள்ளிகளாகின்றன.

இன்னொன்றையும் யோசித்ததாகத் தெரியவில்லை. உங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது, மதியம் சோறும் முட்டையும் கிடைக்கிறது, சீருடை, புத்தகம், நோட்டு எல்லாம் கிடைக்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளி எவ்வளவு இலவசமாக இருந்தாலும் காலை உணவுத் திட்டம் அதன் வாசலுக்கு வராது. நாளை ஆசைப்பட்டு எட்டாவது வரை நீட்டினீர்கள் என்றால், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்று இருக்கிற மருத்துவக் கல்லூரி 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாயும் சிக்கலாகிவிடும். அறுபது பிள்ளைகளை நீங்கள் இழுத்துக்கொண்டால் அரசுப் பள்ளியில் எண்ணிக்கை விழும், பணி நிரவல் என்று அங்கிருந்து ஓர் ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். உங்கள் பள்ளி பதினேழாவது மாதத்தில் திணறும்போது பிள்ளைகள் திரும்பிப் போய்ச் சேருமிடத்தில் ஒரே ஒரு டீச்சர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதனால் பள்ளி வேண்டாம். மாலை மையம் ஒன்று போதும். அரசுப் பள்ளி வராந்தாவைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நாலு பாய், இரண்டு டியூப்லைட், கரண்டு போனால் ஒரு சார்ஜ் லைட். கீற்றுக் கொட்டகை மட்டும் கூடவே கூடாது.

ஆங்கில வழி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் எரிச்சல் வந்தது. வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளை, தமிழே வாசிக்காத பிள்ளை, ஆங்கில எழுத்தை மட்டும் வரிசையாக ஒப்பிக்கும். பாட்டி பூரித்துப்போவாள். சரி, இதில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். தமிழ் வாசிக்க வந்துவிட்டால் ஆங்கிலம் பின்னால் வரும். வராவிட்டால் எதுவும் ஏறாது.

வாசிப்புக்கு வருகிறேன். முதல் வாரம் பாடமே நடத்தக்கூடாது, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஓர் அட்டை போதும். அதில் பத்து எழுத்து, பத்துச் சின்னச் சொல், நாலு வரிப் பத்தி ஒன்று, எட்டுப் பத்து வரிக் கதை ஒன்று. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் கிராமம் கிராமமாகப் போய், பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று எடுக்கும் ஏசர் கணக்கெடுப்பில் பயன்படுத்துவது இந்த மாதிரி அட்டையைத்தான். பத்தியிலிருந்து தொடங்குங்கள். வாசித்தால் கதைக்குப் போங்கள். தடுமாறினால் சொல்லுக்கு இறங்குங்கள், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு. ஒரு பிள்ளைக்கு நாலு நிமிடம் ஆகும். மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். பக்கம் முழுவதையும் கடகடவென்று சொல்லும், விரல் மட்டும் வேறு வரியில் இருக்கும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

கையெழுத்தையும் நம்பாதீர்கள். போர்டைப் பார்த்து எழுதுவதிலேயே நாலு வருடம் போன பிள்ளைகள் குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும். எழுதியதை வாசிக்கச் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்க்கும்.

பிறகு வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்துப் பிரியுங்கள். எழுத்துக் குழு, சொல் குழு, பத்திக் குழு, கதைக் குழு. ஐந்தாவது படிக்கும் பையன் எழுத்துக் குழுவில் உட்கார வேண்டிவரும். அவனுக்கு வெட்கமாக இருக்கும், மறுநாள் வரமாட்டான். அதனால் குழுவுக்குக் கிளி, மயில் என்று ஏதாவது பெயர் வையுங்கள், அவனை அட்டை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பில் போடுங்கள்.

எழுத்துக் குழுவில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டி, அ ஆ இ ஈ என்று பன்னிரண்டையும் முடித்து, பதினெட்டு மெய்யையும் முடித்து, பிறகு உயிர்மெய்க்கு வருவதற்குள் தீபாவளி வந்துவிடும். அதுவரை பிள்ளை ஒரு சொல் வாசித்திருக்காது. ப, ட, ம, க நாலையும் புள்ளியையும் மட்டும் முதல் வாரம் எடுங்கள். படம், மடம், கடம், பட்டம், மட்டம், கட்டம், பக்கம், கம்பம் எல்லாம் வந்துவிடும். ல, ர சேர்த்தால் கடல், பகல், மடல், மரம், கரம். பிறகு கால்: காகம், பாடம், பாலம், மாடம். ‘பானா, டானா, இம்’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டச் சொல்லாதீர்கள், அதைக் கூட்டினால் ‘படம்’ வராது. ஒலியைச் சொல்லுங்கள்.

துணைக்காலும் ரகரமும் அடுத்த தொல்லை. அச்சில் ரகரத்துக்கு வால் இருக்கிறது, போர்டில் அவசரமாக எழுதும்போது நம் யாருக்கும் வால் வருவதில்லை. ‘கா’வைக் ‘கர’ என்று பிள்ளை வாசித்தால் தப்பு எழுதியவருடையது. உகரத்தில் ஒரே சுழி எல்லா எழுத்துக்கும் பொருந்தாது, குடும்பம் குடும்பமாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு கீழே கோடு இறங்கும் குடும்பம். து, நு, ணு, லு, று, னு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதிப்போட்டால் பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒரே வாலைப் போடும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை கொம்பு. மற்ற குறிகள் எழுத்துக்குப் பின்னாலோ ஒட்டியோ வரும். கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘தேன்’ என்ற சொல்லில் பிள்ளையின் கண் முதலில் பார்ப்பது தகரத்தை அல்ல, இரட்டைக்கொம்பை. அதற்கு ஒலி கிடையாது. அங்கேயே வண்டி நிற்கும். ஒகரத்தில் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. கொம்பைத் தனி அட்டையில் வெட்டி, ‘த’ அட்டைக்கு முன்னால் வைத்து வைத்து எடுத்து, த-தெ-தே, ம-மெ-மே என்று ஒரு வாரம் விளையாட வேண்டும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் அளவு வித்தியாசம் காதில் விழும்படி நீட்டிச் சொல்ல வேண்டும். எழுத்துக் குழுவிலிருந்து ஏறாமல் நின்றுபோகிற பிள்ளைகளை உட்காரவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கொம்பில்தான் சிக்கியிருப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரில் வீடு என்று யார் சொல்கிறார்கள்? வூடுதான். படத்தைக் காட்டி இது என்ன என்றால் வூடு என்கிறது பிள்ளை, கீழே வேறு மாதிரி எழுதியிருக்கிறது. தலையில் குட்டாதீர்கள். பிள்ளை சொல்கிற வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், ‘எங்க அம்மா பெங்களூர்ல கீது’ என்று. தான் சொன்னதைத் தானே வாசித்துவிட்டால் அன்று இரவு அது தூங்காது. ஏட்டுத் தமிழ் மெதுவாக வரட்டும்.

சொல்லித்தர ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் போதும், பிளஸ் டூ முடித்துவிட்டு அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர்கள். மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் இப்படி உள்ளூர்ப் பெண்களை வைத்துப் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் நடத்தியதைத்தான், பின்னால் 2019இல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ந்து பலன் இருக்கிறது என்றார்கள். ஒருவர் போதாது. அவருக்குப் பிரசவம் வரும், நாத்தனார் கல்யாணம் வரும். தலைக்கு மாதம் 6,000 ரூபாய், ஒன்றாம் தேதி வங்கிக் கணக்கில். பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள், உங்கள் அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

நாற்பது பிள்ளைக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை, முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். சுண்டலை முடிவில் கொடுத்தால் ஏழு மணிக்கு ஓடிவந்து வாங்கிப்போவார்கள். ஐந்து மணிக்குக் கொடுங்கள், நேரத்துக்கு வருவார்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே மாதிரி வேறோர் அட்டையில் சோதித்து, யார் எந்தக் குழுவுக்கு ஏறினார்கள் என்று தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நன்கொடையாளர் பிறந்தநாள், கேக், வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். கணக்குப் பாடத்துக்குப் புளியங்கொட்டையும் தீக்குச்சிக் கட்டும் போதும், அது தானாக வரும்.

எல்லாம் சேர்த்து மாதம் 20,000 ரூபாய்க்குள் அடங்கும். உங்கள் 40 லட்சம், வட்டியைச் சேர்க்காமலே, பதினாறு வருடம் வரும். அம்மா பெயரையும் வைக்கலாம். முதல் மூன்று மாதம் கழித்துப் பிள்ளைகளையே போர்டில் எழுதச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். தகரக் கொட்டகையில் உங்கள் மாவட்டப் பிள்ளைகள் நாலு பேராவது இருப்பார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், வரைபடம் வேண்டாம்.

நிலம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆடிப்பட்டத்துக்கு விதை மல்லாட்டை வாங்கிவிடச் சொல்லுங்கள் அண்ணனை.