தறிக்குடோன் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு: ஓவர்கிளாக் செய்யலாமா?

கேள்வி: ஏனுங்க, வீட்டை ஒட்டியே தறிக்குடோன் இருக்குதுங்க. ஒரு வருசமா ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஓடிட்டிருக்குது, கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டி 550 வாட். ஓவர்கிளாக் பண்ணுனா கார்டு போயிருமுங்களா? எவ்வளவு வெக்கலாம்?
– பல்லடம் வாசகர்

பதில்: ஓவர்கிளாக் என்பது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கார்டை ஓட்டுவது. எவ்வளவு என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, கார்டின் ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தறி ஓடும் இடத்தில் விழுவது வெறும் தூசி இல்லை, பஞ்சு. அலுமினியத் தகடுகளின் மேல் அது போர்வை மாதிரி படிந்துவிடும். ஃபேன் என்னதான் சுற்றினாலும் காற்று உள்ளே இறங்காது. கரண்ட்டை அணைத்துவிட்டு ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தறிகெட்டுச் சுழன்று பேரிங் போய்விடும். உங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறையாவது இது வேண்டும்.

கார்டு போய்விடுமா என்றால், மென்பொருளில் வேக ஸ்லைடரை நகர்த்துவதால் மட்டும் அநேகமாகப் போகாது. வோல்டேஜுக்கும் பவருக்கும் மேல்வரம்பு கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. கார்டைக் கெடுப்பவை சூடும் மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸும்தான். 3060 சுமார் 170 வாட் எடுக்கும். என்விடியா கேட்பதும் 550 வாட்தான். ஆனால் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 40 ஆம்பியர் என்றிருந்தால் 480 வாட், அது போதும். 25 ஆம்பியர்தான் என்றால் மேலே போட்டிருக்கும் 550 வெறும் அலங்காரம், ஓவர்கிளாக்கை மறந்துவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் எந்தக் கம்பெனி கார்டுக்கும் ஒத்துவரும், காசு கிடையாது. எம்எஸ்ஐயின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், அதே பேரில் வைரஸ் வைத்த போலித் தளங்கள் உண்டு. முதலில் எதையும் தொடாமல் யுனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருளை ஓட்டி ஸ்கோரையும், 20 நிமிடம் கேம் ஆடி கார்டின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சூடு 75 டிகிரியைத் தாண்டினால் அங்கேயே நிறுத்தி, காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள். குளிர்ந்த கார்டு தானாகவே கொஞ்சம் வேகம் கூட்டிக்கொள்ளும், சூடானால் இறக்கிக்கொள்ளும்.

பவர் லிமிட்டை முழுக்க ஏற்றிவிடுங்கள். சில கார்டில் 100 சதவீதத்தைத் தாண்டாது, பரவாயில்லை. கோர் வோல்டேஜைத் தொட வேண்டாம். கோர் கிளாக்கில், அதாவது கார்டின் முக்கியச் சிப்பின் வேகத்தில், 30 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, ஐந்து நிமிடம் டெஸ்ட், மறுபடி 30. கார்டு 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் ஏறும் என்பதால் 5, 7 என்று வைத்துப் பயனில்லை. பெரும்பாலும் 100-லிருந்து 150-க்குள் ஓரிடத்தில் கேம் விழும் (பாதியில் நின்றுபோகும்). விழுந்த இடத்திலிருந்து 30 இறங்கி நில்லுங்கள். அதன் பிறகு மெமரி, 100 மெகாஹெர்ட்ஸாக. மெமரி எண்ணை ஏற்ற ஏற்ற, திரை நன்றாகவே இருந்தும் ஸ்கோர் மட்டும் குறையத் தொடங்கினால் அதுதான் எல்லை.

கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளை ஓட்டிப் பார்த்து ‘நிக்குது’ என்று முடிவு கட்டாதீர்கள். அது பவர் லிமிட்டில் முட்டி, கிளாக்கைத் தானே இறக்கிவிடும். நீங்கள் வைத்த உச்ச வேகம் சோதனைக்கே வராது. தினமும் ஆடும் கேமில் ஒரு மணி நேரம் ஓட்டுவதே மேல். விண்டோஸ் ஆனாகும்போதே செட்டிங் ஏறும்படி வைப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

இத்தனைக்கும் கேமில் விநாடிக்கு 60 ஃபிரேம் வந்த இடத்தில் 63, 64 வரும். அவ்வளவுதான். மார்கழியில் வைத்த எண் சித்திரையில் நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும். அறை 12 டிகிரி சூடேறினால் கார்டும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். அதனால் பல்லடம், ஈரோடு, கரூர் வெயிலுக்கு நான் சொல்வது அண்டர்வோல்ட், அதாவது வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது. ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு வரும். முதலில் கோர் கிளாக்கை 200 இறக்கி, பிறகு 900 மில்லிவோல்ட் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி, டிக் கொடுங்கள். அதற்கு வலப்பக்கம் கோடு தட்டையாகிவிடும். வேகம் பெரிதாகக் குறையாது, சூடும் ஃபேன் சத்தமும் நன்றாகக் குறையும். கேம் விழுந்தால் 925-இல் வையுங்கள்.

கேள்வி: அதே கார்டில் ‘ஓசி’ன்னு போட்ட மாடலுக்குக் கடையில 2,500 ரூவா சேத்திக் கேக்கறாங்க. குடுக்கலாமுங்களா?
– ஈரோடு வாசகர்

பதில்: ‘ஓசி’ என்றால் கம்பெனியே ஓவர்கிளாக் செய்து தருவது. அந்த இரண்டு எழுத்துக்காகக் கொடுக்க வேண்டாம். சாதாரண 3060-இன் பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். ஓசி மாடலில் 60 கூட இருந்தால் மூணரை சதவீதம்கூட இல்லை, மேலே சொன்ன வழியில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மாடலில் ஹீட்சிங்க் (சூட்டை இறக்கும் அலுமினியத் தகடுகள்) தடிமனாக, ஃபேன் மூன்றாக இருந்தால் கணக்கு வேறு. ஈரோட்டு வெயிலுக்கு அந்தக் காசு தகும்.

எதை வாங்கினாலும் பில்லில் சீரியல் எண் ஏற வேண்டும். ஓவர்கிளாக் பற்றி வாரண்டி அட்டை என்ன சொல்கிறது என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். பயாஸை மாற்றி ஏற்றுவது, ஹீட்சிங்க் திருகின் மேலுள்ள ஸ்டிக்கரைக் கிழிப்பது இரண்டும் வாரண்டிக்கு வம்பு. நியாயமான வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். அதிலும் நடக்காவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை.

கேள்வி: மெமரிய 900 ஏத்துனதும் திரையில கலர் கலராக் கட்டம் வருதுங்க. அப்பப்ப கறுப்பாகித் திரும்பி வருது. கார்டு செத்துப்போச்சுங்களா?
– கரூர் வாசகர்

பதில்: இன்னும் இல்லை. கட்டம் மெமரியின் புகார். கறுப்பாவது, கார்டு இரண்டு விநாடி பதில் தராததால் விண்டோஸ் டிரைவரை மறுபடி கிளப்புவது. ஆஃப்டர்பர்னரில் ரீசெட் அடித்து, கம்ப்யூட்டரை முழுக்க அணைத்துப் போடுங்கள். பிறகு கட்டம் வராவிட்டால் மெமரியை 300-இல் வைத்து ஆடுங்கள். ரீசெட்டுக்குப் பிறகும் வந்தால் கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் சரியாக அமர்த்தி, எட்டுப் பின் வயரை ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். அப்போதும் கட்டம் போகவில்லை என்றால் திரையை வீடியோ எடுத்துக்கொண்டு, பில்லோடு கடைக்குப் போங்கள். ஓவர்கிளாக் செய்ததை மறைக்க வேண்டாம்.