வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய கொரியப் பெண்களைப் பற்றிய ஆவணப்படங்களில், ஒரே பாட்டி ஓரிடத்தில் 16 வயது என்கிறார், இன்னோரிடத்தில் 17 என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையும்தான். பழைய கொரிய வழக்கப்படி பிறந்ததுமே ஒரு வயது, புத்தாண்டு பிறந்தால் இன்னொன்று. டிசம்பர் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே இரண்டு வயதாகிவிடும்! சந்திர நாட்காட்டித் தேதிகள் வேறு. அந்தப் பெண்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன் பகிரங்கமாகப் பேசியதே 1991 ஆகஸ்டில்தான். இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. அதனால் விவரம் தெரிந்த இயக்குநர் ‘எந்த வருடம்?’ என்று குடைய மாட்டார். ஆறு உறைந்திருந்ததா, என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்பார். சாட்சியத்தை அப்படியே விட்டு, கணக்கிட்ட வயதைத் திரையின் அடியில் போட வேண்டும். குரலை வெட்டி ஒட்டிச் ‘சரிசெய்தால்’, நடந்ததையே மறுப்பவர்கள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள்.