மணிப்பட்டை நழுவுது, விரல் வீங்குது: மோரிஸ் ஆட்டத்துக்குப் புதுசா வந்தவருக்கு

இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டமான மோரிஸ் ஆட, ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஊர்க்குழுவில் சேர்ந்து ரெண்டு மாசமாச்சு, காலில் கட்டுற மணிப்பட்டை கணுக்காலுக்கு இறங்குது, கோல் ஆட்டத்தில் விரல் வீங்குதுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் நான் பட்டதுதான்.

பட்டையின் மேல்வாரை முட்டிக்குக் கீழே, கெண்டைச்சதை புடைக்கிற இடத்துக்கு மேலேயே இறுக்குங்க. அந்தப் புடைப்பே தாங்கிக்கும். வழுக்குற நைலான் சாக்ஸை விட்டுட்டுத் தடித்த கம்பளி சாக்ஸ் போடுங்க.

விரல் அடிபடக் காரணம் பெரும்பாலும் பிடிதான். கோலின் அடிமுனையை ஒட்டிப் பிடிங்க, நுனிப்பக்கம் மோதட்டும். ஓங்கினாத்தான் சத்தம்னு இல்லை. பட்டதும் துள்ளி விலகினாலே ‘டக்’னு கேக்கும். நம்ம ஊர்க் கோலாட்டக் குச்சி மாதிரி நினைச்சு வீசாதீங்க, இது கனம். எதிரே ஆடுறவர் வேகமா அடிச்சா, ஆட்டம் சொல்லித்தர்ற ஃபோர்மேன்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க.

உங்க பக்கத்து ஹெடிங்டன் குவாரி ஊர்க்காரங்க ஆடின மோரிஸைத்தான் 1899 டிசம்பர் 26 அன்னைக்கு, நாட்டுப்புறப் பாட்டையும் ஆட்டத்தையும் சேகரிச்ச செசில் ஷார்ப் முதல்முதலா பார்த்தார். பனியில் வேலை இல்லாம காசுக்காக ஆட வந்தவங்க அவங்க!

வீக்கம் வடியுற வரைக்கும், கோலுக்குப் பதிலா கைக்குட்டை வீசி ஆடுற கைக்குட்டை ஆட்டம் மட்டும் ஆடுங்க.